பொருள் எண் பதினேழு

சீட்டில் ஜெயித்தவள் நான்.
எனக்கும் பிச்சைக்கண்ணுக்கும் இருநூற்றுப் பதினொன்று.
இரண்டு முறை எண்ணியும் அதேதான்.
தேர்தல் அலுவலரின் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து
இரண்டு தாள் மடித்துப் போட்டார்கள்.
தயிர் வாடையோடு வெளியே வந்தது
உ. செண்பகக்கனி, எட்டாவது வார்டு.

ஆக, என்னை வேண்டாமென்றவர்களும்
சரிக்குச் சரி.
முதல் மாதமே அவர்கள் தெருவில்தான்
வாறுகால் அடைத்தது.
ஐந்தாம் நாள் போனேன்.
நாலு நாள் எங்கே போனாய் என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கொக்கிரகுளத்தில் ஒருநாள் பயிற்சி.
ஒரு பேனா, ஒரு கையேடு, சாம்பார் சாதம்.
உறுப்பினரின் கடமைகள் அதில்
ஒன்றின் கீழ் ஒன்றாகப் படுத்திருந்தன.
ராத்திரி ஒரு மணிக்கு வந்து
குளிர்ப்பெட்டிக்குச் சொல்லிவிடச் சொல்வார்கள் என்றோ,
பீடித் தட்டு மடியில் இருக்க
கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு
‘வால்வைத் திறந்துட்டானா, எக்கா?’வுக்குப்
பதில் சொல்ல வேண்டும் என்றோ
எந்தப் பக்கத்திலும் இல்லை.
ஆயிரம் பீடியில் அன்றைக்கு நாற்பது குறைந்தால்
யார் தருவார் என்றும் இல்லை.

மாதம் ஒரு கூட்டம்.
தலைவரம்மா வாசிப்பார்.
வராண்டாவில் அவர் வீட்டுக்காரர் இருமினால்
அடுத்த பொருள்.
செயல் அலுவலருக்கு எப்போதும் போன் வரும்.
எழுத்தர் சுடலைமணியிடம் ஒரு ரப்பர் முத்திரை உண்டு:
‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’
எழுதி எழுதிக் கை வலித்து
சொந்தக் காசில் செய்துகொண்டாராம்.
டப்.
டப்.
எங்கள் பதினைந்து பேரின் மனசும்
ஊதா மையில் ஒன்றாகும்.

பொருள் எண் பதினேழு:
ஆற்று உறைகிணற்று மோட்டார் பழுது.
பழையதைக் கழித்து ஏலம் விடவும்
புதியது வாங்கவும்.

பங்குனியில்தான் அதற்குக் காயில் கட்டினார்கள்.
வெயிலில் நின்று நான் பார்த்தேன்.
நேற்று ராத்திரியும் அது ஓடித்தான்
என் வீட்டுத் தொட்டி நிரம்பியது.
‘அந்த மோட்டாரு ஓடுதுல்லா?’ என்றேன்.
வராண்டாவில் இருமல்.
முத்திரை பாதி வழியில் நின்றது.
‘எல்லாருக்கும் சேத்துத்தான எக்கா குத்துதேன்.’
‘என்னைய விட்டுட்டுக் குத்தும்.’

சுடலைமணி புத்தகத்தைப் பின்னுக்குப் புரட்டினார்.
போன கூட்டம், போன வருசம்,
அதற்கும் முந்தின தலைவர் காலம்.
இப்படி ஒன்றை எங்கே எழுதுவதென்று
எந்தப் பக்கமும் அவருக்குக் காட்டித் தரவில்லை.
கடைசியில் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.
‘நீங்களே எழுதிருங்க.’

அதுவரை அதில் கையெழுத்து மட்டும்தான் போட்டிருக்கிறேன்.
ஆட்சேபணை என்று எழுத வேண்டுமாம்.
சுழி எத்தனை என்று தெரியவில்லை.
புகையிலைத் தூள் ஒட்டிய விரலால் பேனாவை அழுத்தி
‘எனக்கு இதில் சம்மதம் இல்லை’
என்று எழுதினேன்.
மூன்றாவது வார்டு இசக்கிராஜ் எட்டிப் பார்த்தார்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினாலுக்கு ஒன்று.
பொருள் நிறைவேறியது.
என் வரிக்கு மேலேயே விழுந்தது முத்திரை.
ஏகமனதாக என்பதன் வயிற்றுக்குள்
‘இல்லை’ மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

புது மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது.
பிச்சைக்கண்ணு தெருவின் கடைசிக் குழாய்க்கும்
தண்ணீர் ஏறுகிறது.
என் பேரைச் சொல்லி அங்கே ஒருத்தி சிரித்தாளாம்,
‘இதையா வேண்டாம்னா?’
நானும் ஒரு குடம் பிடித்தேன்.

பழையது எந்த விலைக்கு, யாருக்குப் போனது என்று
நகல் கேட்டு மனு எழுதியிருக்கிறேன்.
அதிலும் எழுத்துப்பிழை இருக்கும்.
திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்,
வாறுகாலைப் பார்த்துவிட்டு.